விழாக் கமிட்டியாருக்கும் மைக்செட் அன்பர்களுக்கும்

கொடைரோடு, அம்மையநாயக்கனூர், பள்ளபட்டி, நிலக்கோட்டை சுற்றுவட்டாரத்துக் கோவில் விழாக்களை முன்னின்று நடத்தும் கமிட்டிப் பெரியோர்களே, அவ்விழாக்களுக்கு மைக்செட் கட்டிப் பிழைக்கும் சகோதரர்களே,

திருவிழாவுக்குச் சாட்டி, தலைக்கட்டு வரி இவ்வளவென்று பேசி முடித்து, நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கப் போகும் சமயத்தில் இம்மடல் உங்கள் பார்வைக்கு வரவேண்டுமென்பது என் விருப்பம். சப்பரம் நிலைக்குத் திரும்பி, பந்தலும் பிரித்து, காவல் நிலையத்தில் வழக்கும் பதிவான பிற்பாடு எழுதப்படும் மடலால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

நம் ரயிலடித் தேநீர்க் கடைகளிலும், வத்தலக்குண்டுப் பேருந்திலும், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை படியக் காத்திருக்கும் இடைவேளையிலும் அண்மைக் காலமாக ஒரு தீர்ப்பு ஏகமனதாக வழங்கப்பட்டு வருகிறது. இந்தக் காலத்துப் பாட்டுத்தான் பையன்களைக் கெடுத்துவிட்டது, பாட்டைக் கேட்டுத்தான் கத்தியைத் தூக்குகிறான், செல்போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அந்தத் தீர்ப்பு. சொல்வதற்கு அது மிகவும் சௌகரியமானது. ஏனெனில் அதில் பையன் குற்றவாளி, பாட்டு எழுதியவன் குற்றவாளி, சினிமா எடுத்தவன் குற்றவாளி. தீர்ப்புச் சொல்லும் நமக்கு மட்டும் எந்தப் பொறுப்பும் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் ஏதேனும் ஓர் அம்சம் உண்மையாயிருக்குமானால் அவ்வுண்மை முதலில் உங்களைத்தான் சாரும் என்று கருதுகிறேன்; ஆகையினாலேயே இதைப் பையன்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு ராகமோ தாளமோ சாதுவான பிள்ளை ஒருவனைப் பிடித்துக் கொலைகாரனாக மாற்றிவிடும் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் ஏதும் தென்படவில்லை. நம் முன்னோரும் அவ்வாறு நம்பியதாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணியது. பாலைக்குரிய பறை இன்னதென்று விளக்க வந்த உரையாசிரியர்கள், வழிப்பறி செய்வோர் முழக்கும் பறையைச் சொன்னார்கள். அந்தப் பாலையின் பெயரையே கொண்ட பண்ணை யாழில் வாசிக்கக் கேட்டால் வழிமறிக்கும் கள்வரும் கையிலுள்ள படைக்கலத்தை நழுவவிட்டு அருளின் பக்கம் திரும்பிவிடுவர் என்று பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினார். நிலம் ஒன்று, மக்களும் அவர்களே; கொள்ளைக்குக் கூட்டம் சேர்க்கும் ஒலியும் அங்கே உண்டு, கொள்ளையை மறக்கச் செய்யும் ஒலியும் அங்கே உண்டு. ஒலியை எழுப்புகிறவன் யார், எதற்காக எழுப்புகிறான் என்பதில்தான் பேதமெல்லாம் இருக்கிறது.

பாட்டைத் தடுத்துச் சந்ததியைத் திருத்தும் முயற்சியையும் இந்தத் தேசம் செய்து பார்த்ததுண்டு. 1952-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறதென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார். கேட்பவர்கள் ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957-இல் விவித் பாரதியைத் துவக்கி அரசாங்கமே சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க நேர்ந்தது. வானொலியையே அடக்க இயலாதபோது, பையன் சட்டைப்பையில் கிடக்கும் செல்போனை அடக்கிவிட முடியும் என்று எண்ணுவது வீண்.

பையன்களைப் பழிக்க நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கூட்டத்தையே குற்றவாளிகள் என்று முத்திரையிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பகுதியைக் காட்டிலும் நன்றாக அறிந்த பகுதி இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிந்து கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அந்த ஊர் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. பிறப்பைக் கொண்டு மனிதரைக் குற்றவாளிகள் என்று சொன்ன அநீதியை அனுபவித்த பிரதேசத்தில் இருந்துகொண்டு, காதில் மாட்டியிருக்கும் இயர்போனைக் கொண்டு ஒரு தலைமுறையையே அவ்வாறு சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயினும், அறைக்குள் ஒருவன் தனித்திருந்து கேட்கும் பாட்டு வேறு. ஊர்வலத்தை நடுவழியில் நிறுத்தி, இரவு வேளையில், அடுத்த தெருவாரின் முகத்துக்கு நேரே ஒலிக்கச் செய்யும் பாட்டு வேறு. பின்னதை நான் ஒரு செய்கை என்றே சொல்வேன். கையை நீட்டி ஒருவரைச் சுட்டிப் பேசுவது எப்படி ஒரு செய்கையோ அப்படி. அந்தச் செய்கைக்கு இடமும் பணமும் மின்சாரமும் அனுமதியும் கொடுப்பவர்கள் பையன்கள் அல்லர்.

ஊர்ப் பெயர் வேண்டாம்; நான் நேரில் கண்டதையே சொல்கிறேன். அன்று முளைப்பாரி ஊர்வலம். முன்னால் உறுமியும் நையாண்டி மேளமும் போய்விட்டன. முளைப்பாரியைத் தலையில் ஏந்திய பெண்களும் அவற்றின் பின்னே போய்விட்டார்கள். கடைசியில் ஒரு டாடா ஏஸ் வண்டி; அதன்மேல் ஆளுயரப் பெட்டிகள், பெட்டிகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர். இரண்டு தெரு பிரியும் முக்கில் வண்டி நின்றது. மீசை இன்னும் கறுக்காத ஒரு பையன், செட்டுக்காரர் காதருகே குனிந்து ஏதோ சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான். அவர் அதை உடனே வாங்கவில்லை. கமிட்டியார் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கமிட்டியில் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அதுவே உத்தரவாயிற்று. பென்டிரைவைச் செருகினார்கள், வண்டியைச் சற்றே பின்னுக்கெடுத்துப் பெட்டிகளின் முகம் அந்தத் தெருவுக்கு நேரே வரும்படி நிறுத்தினார்கள், சத்தத்தைக் கூட்டினார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் பாதிக் குடத்தோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் வெளியே வந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் அறியாததன்று. முதலில் வசை, பிறகு கல், பிறகு கையில் அகப்பட்டது எதுவோ அது. மண்டை உடைந்தவர்கள் இரு தெருவிலும் உண்டு. வழக்கில் ஏறிய பெயர்கள் எல்லாம் இருபதைத் தாண்டாத பிள்ளைகளுடையவை. துண்டை உதறியவரின் பெயர் அதில் இல்லை.

மறுநாள் காலையில் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். மகனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மடங்காமல் ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்து மார்போடு அணைத்திருந்தாள். பிறந்த தேதியைக் காட்டி, பதினெட்டு நிறையவில்லை என்று நிரூபித்துவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொல்லியிருந்தாராம். பதினாறு நிரம்பியவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சம்பந்தப்பட்டிருந்தால், குழுமத்தின் பரிசீலனைக்குப் பின் பெரியவனைப் போலவே விசாரிக்கப்படவும் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் வழியுண்டு. அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தவன் பிழைத்துக்கொண்டான். இல்லாவிட்டால் அந்தத் தாள் அவளுக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்பதை எண்ணவும் அச்சமாயிருக்கிறது. பதினெட்டைக் கடந்தவன் கதி இன்னும் பரிதாபம். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஆசைப்பட்டு விடியுமுன் எழுந்து சாலையோரம் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறியவன்கூட, குற்ற வழக்கில் பெயர் உண்டா என்ற விசாரணையின்போது நின்றுவிடுகிறான். அந்த விசாரணைக்கு வருகிறவர்கள், முக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்பதில்லை.

எந்தப் பாட்டைச் சொல்கிறாய் என்பீர்கள். ஒன்றை மட்டும் பெயர் சுட்டிச் சொல்லலாம். அதைப் பற்றிய விவாதம் ஏற்கெனவே பகிரங்கமானது. 1992-இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தின் பாட்டு ஒன்று, திரையை விட்டு இறங்கி, தென் மாவட்டத்து ஊர்வலங்களில் ஒரு ஜாதியின் கீதமாகவே வழங்கத் தொடங்கிவிட்டது. அதற்கு இசை அமைத்தவர் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. எழுதியவர் திருவரங்கத்தில் வளர்ந்த வாலி. அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று மன்றாடி முடிகிற ஒரு கதைக்காக அவர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். முக்கில் நிற்கும் பெட்டியில் கதையின் முடிவு ஒலிப்பதில்லை. பாட்டு மட்டுமே ஒலிக்கிறது. 2023-இல் ‘மாமன்னன்’ படத்தின் இசை வெளியீட்டு விழாவில், ‘தேவர் மகனை’ எழுதி நடித்த கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அந்தப் பழைய படம் தம் மனத்தில் உண்டாக்கிய வேதனையை இயக்குநர் மாரி செல்வராஜ் எடுத்துச் சொன்னார். ஒரு பாட்டை எதிர்த்தெருவில் நின்று கேட்டவர்களுக்கு அது எப்படிக் கேட்டது என்பதை நாம் முப்பது ஆண்டு கழித்தேனும் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா?

இன்று ஒரு ஜாதிக்கு மட்டும் பாட்டு என்பதில்லை. தலைவரின் பெயரையும் சிங்கத்தையும் அரிவாளையும் கலந்து ஒவ்வொரு ஜாதிக்கும் தனித்தனியே தயாரித்த பாட்டுகள் யூடியூபில் மலிந்து கிடக்கின்றன. இரண்டு தரப்பும் செய்கிறது, இரண்டும் சமம் என்று சொல்லி நழுவிவிட நான் விரும்பவில்லை. செருப்பணிந்து தெருவில் நடக்கவும் பாட்டன் காலத்தில் அனுமதி பெறாத மக்கள் தங்கள் தலைவரின் பெயரை நிமிர்ந்து பாடுவதற்கும், அவர்களைப் பழைய இடத்துக்கே திரும்பிப் போ என்று நினைவூட்டும் பொருட்டுப் பெட்டியைத் திருப்புவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை மறைத்துச் செய்யும் சமாதானம் நிலைக்காது. ஆனால் கல் பறக்கும்போது அது யார் பிள்ளையின் நெற்றியில் விழும் என்பதை வித்தியாசம் தீர்மானிப்பதில்லை. ஆதலால் இரு தெருக் கமிட்டியாரையும் சேர்த்தே வேண்டுகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்த பிள்ளைகளே வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அங்கே எந்தப் பாட்டும் ஒலிக்கவில்லை. அதற்காகவே அதை நினைவூட்டுகிறேன். பாட்டு இல்லாமலும் அரிவாள் எழும். துவேஷம் முன்னரே கற்பிக்கப்பட்டிருந்தால் போதும். அச்சம்பவத்தின் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் ஜாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டும் கயிற்றைத் தடுக்கும்படி பரிந்துரைத்தது. பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் அந்தக் கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொள்ளலாம். மாலையில் உங்கள் பெட்டி அதே கயிற்றை ஊரறியத் திரும்பக் கட்டிவிடுமானால் வாத்தியார் என்ன செய்வார்?

உங்கள் பதில்களையும் நான் கேட்டிருக்கிறேன். இது எங்கள் கௌரவம் என்கிறீர்கள். குலத்தின் கௌரவம் எதிர்வீட்டுக் கதவு அடைபடுவதில் இருக்கிறதென்று உங்கள் தகப்பனார் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார். பையன்கள் கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்கிறீர்கள். வரி கட்டாதவனைக் கேட்க வைக்கிறீர்கள். கோவிலுக்குள் சட்டையோடு வந்தவனைக் கேட்க வைக்கிறீர்கள். காப்புக் கட்டிய பின் ஊர் எல்லையைத் தாண்டாதே என்றால் பத்து நாளும் தாண்டாமல் இருக்கிறான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டான் என்பதை நான் எவ்வாறு நம்புவது?

மைக்செட் சகோதரர்களே, உங்கள் சங்கடம் வேறு. கடன் வாங்கிப் பெட்டியும் ஜெனரேட்டரும் எடுத்திருக்கிறீர்கள். சீசன் சில மாதம். மழை வந்தால் அதுவும் போயிற்று. நான் போடாவிட்டால் அடுத்த செட்டுக்காரன் போடுவான், எனக்கு அடுத்த ஆண்டு அட்வான்ஸ் வராது என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வழக்கு வந்தால் முதலில் காவல் நிலைய வாசலுக்குப் போவது உங்கள் வண்டிதான். வாடகை பேசினவர்கள் அதை மீட்க வருவதில்லை. நீங்கள் அனைவரும் ஒருமித்து ஒரு சொல்லில் நின்றால் அடுத்த செட்டுக்காரன் என்ற பயமே இல்லாமற் போகும்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பஞ்சாபைப் பாருங்கள். துப்பாக்கியைப் புகழும் பாட்டுகள் அங்கே பெருகியபோது, மதுவையும் போதையையும் வன்முறையையும் புகழும் பாட்டு மேடைகளில் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி 2019-இல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் போலீஸாருக்கு உத்தரவிட்டது. 2022 மே 29-ஆம் தேதி, அப்பாட்டுகளால் கீர்த்தியும் வழக்கும் ஒருங்கே பெற்றிருந்த பாடகர் சித்து மூஸேவாலா நடுச்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் மாநில அரசு ஆயுதத்தைப் போற்றும் பாட்டுகளைத் தடைசெய்தது. லண்டனில் 2019-இல் ஒரு பாட்டைப் பாடியதற்காக இரண்டு இளைஞர்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தார்கள். உத்தரவுகள் எங்கும் உண்டு. நம்மிடமும் உண்டு: ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும்போதெல்லாம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஜாதியையோ மதத்தையோ கட்சியையோ சார்ந்த பாட்டு கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது, ஃப்ளெக்ஸ் கூடாது என்று திரும்பத் திரும்ப நிபந்தனை விதித்து வருகிறது. அந்த உத்தரவின் நகலை வாங்கி வந்து காவல் நிலையத்தில் கொடுப்பவர்கள் நீங்கள்தாம். நிபந்தனை உங்கள் பீரோவிலேயே இருக்கிறது; முக்கில் வண்டி நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் அதை நிறைவேற்ற உங்களையன்றி வேறு ஆள் இல்லை.

பாட்டு என்ன நன்மை செய்யக்கூடும் என்பதற்கு நாம் வெகு தூரம் போகவும் வேண்டாம். திண்டுக்கல்லில் 1990-இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவை உங்களில் பலர் மேடையில் கண்டிருப்பீர்கள். சாவு வீட்டில் அடிப்பதற்கென்று ஒதுக்கி வைத்து, அடிப்பவரையும் ஒதுக்கி வைத்த பறையை, படிப்பு நின்றுபோன தலித் பெண் பிள்ளைகள் கையில் கொடுத்து, தலை நிமிர்ந்து ஆடச் செய்தவர்கள் அவர்கள். இழிவின் அடையாளமாயிருந்த ஒரு கருவி கௌரவத்தின் கருவியாக மாறியது நம் மாவட்டத் தலைநகரிலேயே நடந்தது. சென்னையில் 2018 தொடக்கத்தில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும், ரவுடிப் பாட்டு என்று பலர் ஒதுக்கிய கானாவைக் கொண்டே ஜாதிக்கு எதிராகப் பாடியது. பையன்களின் ரத்தத்தில் ஓடும் தாளம் எதற்கும் பயன்படும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற பொறுப்பு பெரியவர்களுடையது.

என் விண்ணப்பம் இதுவே. இவ்வாண்டு நோட்டீஸில், மண்டகப்படி விவரத்துக்கு மேலே, எந்த ஜாதியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பாடும் பாட்டு இவ்விழாவில் ஒலிக்காது என்று ஒரு வரி அச்சிடுங்கள். மைக்செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் சீட்டிலும் அந்த வரியை எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திடுங்கள். அப்போது செட்டுக்காரர் பையனுக்கு அந்தச் சீட்டைக் காட்டலாம். ஒலிக்கும் பாட்டுகளைக் கமிட்டியில் இருவர் முன்னரே கேட்டுத் தேர்ந்து, பென்டிரைவைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். இரு தெரு கூடும் இடத்தில் வண்டி நிற்க வேண்டாம். அத்தெருவைக் கடக்கும் மட்டும் பெட்டி மௌனமாக இருக்க, மேளம் மட்டும் வாசிக்கட்டும். ஓரிரவுப் பெட்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உறுமியும் பறையும் நாயனமும் அறிந்த வாத்தியார் ஒருவருக்குத் தக்க ஊதியமும் மரியாதையும் கொடுத்து அமர்த்தி, இரண்டு தெருப் பையன்களையும் ஒரே இடத்தில் அமர்த்திக் கற்பிக்கச் செய்யுங்கள். கற்பவனின் ஜாதியைக் கேட்டு இந்தக் கருவி உனக்கு, அந்தக் கருவி அவனுக்கு என்று பிரிக்காமல் செய்யுங்கள். பிரித்தால் பழைய அநீதியையே புதிதாக ஆரம்பித்ததாகும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து இம்மடலை வாசியுங்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சபையிலேயே சொல்லட்டும். தீர்மானத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மைக்செட் சகோதரர்களே, நீட்டப்படும் பென்டிரைவை வாங்காதீர்கள். பெரியவர்களே, அந்நேரத்தில் வேறு பக்கம் பார்க்காதீர்கள்.

இங்ஙனம்,
கொடைரோட்டுவாசி ஒருவன்